ஆளைப் பார்த்து கேம் சொல்பவர்

செந்தமிழ்செல்வன் என்று பெயர் வைத்தது அவருடைய அப்பா. அந்தப் பெயரைச் சுமக்கிறவர் இரண்டு ஆங்கிலச் சொல் கலக்காமல் ஒரு வாக்கியத்தை முடித்ததாகக் கடலூரில் யாரும் கேட்டதில்லை. ஆனால் 'செல்வா' என்று யாராவது சுருக்கிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும். அக்காவுக்கு மட்டும் விதிவிலக்கு. வயது முப்பத்தெட்டு. மஞ்சக்குப்பத்தில் ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர். வண்டிக்கு என்ன கோளாறு என்று வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, உள்ளே மெக்கானிக்குக்கு அனுப்புவது வேலை. வண்டியைத் தொட வேண்டியதில்லை. சட்டை அழுக்காகாத உத்தியோகம் என்று அம்மா மலர்க்கொடிக்குப் பெருமை.

இதற்காகவெல்லாம் ஒருவரை ஊர் தெரிந்துவைத்திருக்காது. அவரைத் தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரிந்தது வேறொன்றுக்காக. ஒரு ஆளைப் பார்த்து, அந்த ஆளுக்கு இந்த ஜென்மத்திலேயே மிகவும் பிடித்த வீடியோ கேம் எது என்று சொல்லிவிடுவார். ஜோசியர்கள்கூடப் பிறந்த நேரம் கேட்பார்கள். இவர் கேட்பது மூன்று கேள்வி, மூன்றும் கேமுக்குச் சம்பந்தமே இல்லாதவை.

சனிக்கிழமை சாயங்காலம் ஷோரூமுக்குப் பக்கத்து பேக்கரியில் சபை கூடும். சபை என்றால் மூன்று பேர். செந்தமிழ்செல்வன்; எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் ஸ்ரீதர்; கத்தாரில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து ஓ.டி. எனப்படும் கடலூர் முதுநகரில் செல்போன் கடை போட்டிருக்கும் உசாமா. புதிதாக யாராவது வந்து உட்கார்ந்தால், டீ வருவதற்குள் அவர் பரிசோதனைக்கு ஆளாவார். மூன்று ஊகத்துக்குள் செந்தமிழ்செல்வன் கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் தன்னுடைய ஆல் டைம் ஃபேவரைட் எது என்று அவர் சொல்லியாக வேண்டும். இது அவரே போட்ட சட்டம். அதற்கு ஆட்படும் நிலைமை அவருக்கு வந்ததே இல்லை.

ஒரு முறை ஸ்ரீதரின் தங்கை வீட்டுக்காரர் கீரப்பாளையத்திலிருந்து வந்திருந்தார். விவசாயம், கூடவே உரக்கடை. பப்ஸைக் கையில் எடுத்தவரிடம் செந்தமிழ்செல்வன் ஆரம்பித்தார்.

"மாப்ள, ப்ளஸ் டூ எங்க?"

"சிதம்பரத்துலதான்."

"பஸ்ஸா சைக்கிளா?"

"பஸ்ஸு."

"ஸ்கூல் வுட்டு எவ்ளோ நேரத்துக்கு அப்புறம் பஸ்ஸு?"

"ஒரு மணி நேரம் ஆவும். ஏன் கேக்குறீங்க?"

செந்தமிழ்செல்வன் கண்ணைச் சுருக்கி, கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். தெய்வ வாக்கு இறங்கும்போது பூசாரிகளும் இப்படித்தான் எங்கோ பார்ப்பார்கள்.

"வைஸ் சிட்டி. ஆனா மிஷன் ஒண்ணும் பண்ண மாட்டீங்க. எவன்கிட்டயாவது பைக்கப் புடுங்கிக்கிட்டு பீச் ரோட்டுல சும்மா சுத்துவீங்க. சீட் கோடு எல்லாம் துண்டுப் பேப்பர்ல எழுதி சட்டப் பாக்கெட்டுல."

கீரப்பாளையத்து மாப்பிள்ளை பப்ஸைக் கீழே வைத்துவிட்டார். "யோவ் மச்சான், இத நீ சொன்னியா இவருக்கு?"

"எனக்கே தெரியாதுங்க மாப்ள," என்றார் ஸ்ரீதர், பெருமை பொங்க. "அதான் செந்தமிழ்செல்வன்."

அதுதான் செந்தமிழ்செல்வன் என்றால், அது ரொம்பச் சின்ன விஷயம். இருபது வருஷத்துக்கு முன் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை இருந்த ப்ரௌசிங் சென்டர்களில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தவர் ஜமாலுதீன் பாய் என்ற ஒரே ஆள். அவரிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதில் நான்கு கேம் இருந்தன: ஓடுகிற பைக்கிலிருந்து பக்கத்து பைக்கில் வருகிறவனை உதைக்கும் ரோட் ரேஷ், வைஸ் சிட்டி, கவுண்டர் ஸ்ட்ரைக், ஒரு கிரிக்கெட். எந்தக் கடையில் சிஸ்டம் போட்டாலும் பாய் அந்த நான்கையும் ஏற்றிவிட்டுத்தான் டீ குடிப்பார். ஆக, இந்தப் பக்கத்தில் பிறந்து இப்போது முப்பதைத் தாண்டிய எந்த ஆணுக்கும் ஆயுசுக்குப் பிடித்த கேம் அந்த நான்கில் ஒன்று. வேறு எதையும் அவர்கள் பார்க்கவில்லை. பாலிடெக்னிக் என்றால் கவுண்டர் ஸ்ட்ரைக். அப்பா கண்டிப்பானவர் என்றால் வைஸ் சிட்டி. பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரம் குறைவு என்றால் ரோட் ரேஷ், ஏனென்றால் அது சீக்கிரம் முடியும். ஒன்றிலும் அடங்காதவன் கிரிக்கெட். நான்கு சீட்டை வைத்துக்கொண்டு மூன்று ஊகம் கேட்கிற சூதாட்டத்தில் தோற்பதற்குத்தான் திறமை வேண்டும்.

செந்தமிழ்செல்வனுக்கு இந்த ஞானம் கிடைத்தது திருப்பாதிரிப்புலியூரில். அவருடைய தாய்மாமன் ஞானசேகரன் அங்கே ஒரு ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்தார். டிகிரியை முடித்தும் முடிக்காமலும் வந்த மருமகனை கவுண்டரில் உட்காரவைத்தார். யார் எந்த சிஸ்டத்தில் உட்காருகிறார்கள், எப்போது எழுந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது வேலை. கவுண்டரில் உட்காருவதைவிட, விளையாடுகிறவனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பதே அவருக்குப் பிடித்திருந்தது. நின்றால் சும்மா நிற்க மாட்டார். "லெஃப்டுல போடா... அங்க இல்ல, லெஃப்டு... செத்தடா நீ." அவர் சொன்ன வழியில் போனவர்கள் பெரும்பாலும் ஜெயித்தார்கள் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அது அவருக்குப் பெரிய கெடுதலாகப் போயிற்று.

ஏனென்றால், செந்தமிழ்செல்வன் ஒரு கேமும் ஆடியதில்லை. ஒன்றுகூட. மாமா வேண்டாமென்று சொல்லியிருந்தார் என்பது காரணம். ஆனால் மாமா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனால் திரும்பி வர வெகுநேரமாகும், சிஸ்டங்களும் அப்போது காலியாகவே கிடக்கும். அவர் உட்காரவில்லை. பின்னால் நிற்கிறவன் தோற்கவே மாட்டான் என்பதைச் சீக்கிரத்திலேயே கண்டுபிடித்துவிட்டவருக்கு உட்கார மனம் வருமா? ப்ரௌசிங் சென்டர் ஜெராக்ஸ் கடையாகி, ஜெராக்ஸ் கடை இ-சேவை மையமாகி, மாமாவும் ஓய்ந்துபோனார். மருமகனின் புகழ் மட்டும் வளர்ந்தது.

புகழோடு இளக்காரமும் வளர்ந்தது. செல்போனில் ஆடுபவர்களை அவர் மனிதர்களாகவே எண்ணுவதில்லை. "வெரல வெச்சித் தேச்சிக்கிட்டே இருக்கிறதெல்லாம் கேமா மச்சான்? அதுக்குப் பேரு சொறியறது." உசாமாவின் கடையில் பையன்கள் துப்பாக்கிச் சண்டை போடுவதைப் பார்த்தால், "இவனுங்களுக்கு மேப்பே தெரியாதுடா" என்பார். அந்த மேப்பில் ஒரு அடிகூட நடந்திராதவர் அவர். "சரி, உன்னுது என்ன?" என்று உசாமா எப்போதாவது கேட்டால் ஒரே பதில்தான்: "சொன்னா நீ தாங்க மாட்ட."

கல்யாண விஷயத்திலும் நெடுநாள் இப்படித்தான் போயிற்று. முதலில் அவர் பெண்களை வேண்டாமென்றார். பிறகு பெண்கள் அவரை வேண்டாமென்றார்கள். கடைசியில் தரகர் வேண்டாமென்றார். அக்கா ஜெயராணி மட்டும் விடவில்லை. அவர் சிதம்பரத்தில் ஒரு இடம் பிடித்தார்: பெயர் அருள்மொழி, வயது முப்பத்து நான்கு, தனியார் கல்லூரியில் காமர்ஸ் ஆசிரியை. பிடிக்காத மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் பழக்கம் அந்தப் பெண்ணுக்கு இருந்தது. அதனாலேயே அவருக்கும் கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. முதலில் போனில் பேசிக்கொள்ளட்டும், பிடித்தால் மற்றதைப் பார்க்கலாம் என்று இரண்டு வீட்டிலும் முடிவானது.

முதல் பேச்சிலேயே செந்தமிழ்செல்வன் தன் வித்தையைக் காட்டினார். மூன்று கேள்வி கேட்டார். பிறகு, "கேண்டி க்ரஷ்," என்றார்.

"இல்லீங்களே."

"யோசிச்சிச் சொல்லுங்க மேடம். லேடீஸ்னாலே ஜென்ரலா..."

"நான் காமர்ஸ் டீச்சருங்க. பொய் சொன்னா பேலன்ஸ் ஷீட் ஒத்துக்காது. அது இல்ல."

அடுத்த நாள் சாயங்காலம் பழைய செல்போனில் வந்த பாம்பு கேம் என்றார். அதுவும் இல்லை. அருள்மொழி சிரித்தார். கேலிச் சிரிப்புதான், ஆனால் அதில் விஷம் இல்லை. அதன் பிறகு தினமும் பேசினார்கள். கேமை விட்டு வேறெதையோ பேசி, கடைசியில் கேமுக்கே வந்து நிற்பார்கள். மூன்றாவது ஊகத்தை அவர் அவசரப்பட்டுச் செலவழிக்கவில்லை. எந்தக் கேள்விக்கும் அந்தப் பெண் ஜமாலுதீன் பாயின் ஹார்ட் டிஸ்குக்குள் அகப்படவில்லை. செந்தமிழ்செல்வனின் முப்பத்தெட்டு வருஷத்தில் அவருக்குத் தெரியாத ஒன்றை வைத்திருந்த முதல் ஆள் இவர்தான். அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட வினோதம், அந்த எரிச்சலுக்காகச் சாயங்காலம் வரக் காத்திருந்தார்.

"இந்த எடம் முடிஞ்சா நல்லா இருக்கும்க்கா," என்று ஒருநாள் போனில் சொன்னார்.

ஜெயராணி போனைக் காதிலிருந்து எடுத்து, பேசுவது தம்பிதானா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

அருள்மொழியும் சந்திக்கலாம் என்றார். "மூணாவது கெஸ்ஸ நேர்ல சொல்லுங்க. தப்பாப் போனா உங்க ரூலுப்படி உங்களுத நீங்க சொல்லணும். சொன்னா மட்டும் பத்தாது, ஆடிக் காட்டணும். அண்ணாமலை நகர்ல எங்க ஸ்டூடண்ட்ஸ் போற கேம் கடை ஒண்ணு இருக்கு. டிவியில போட்டு ஆடுவாங்க."

பேக்கரியில் இதைச் சொன்னபோது செந்தமிழ்செல்வனின் முகம் கல்யாணக் களையோடு இல்லை.

"கண்டுபுடிச்சிட்டா ஆட வேணாமில்ல?" என்றார் ஸ்ரீதர். "நீ கண்டுபுடிச்சிடுவ மச்சான்."

"தெரியலன்னு சொல்லிடேன்," என்றார் உசாமா.

"என்னது?"

"தெரியலங்க, நீங்களே சொல்லுங்கன்னு கேளு. பொம்பளைங்களுக்கு அது ரொம்பப் புடிக்கும் மச்சான். எங்க வூட்ல நான் தெனமும் அத சொல்லித்தான் ஓட்டுறேன்."

"தெரியலன்னு சொல்றதுக்கு நான் எதுக்கு? எவன் வேணா சொல்லுவான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி ஏறினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெண்கள் என்ன கேம் ஆடியிருப்பார்கள் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் பிடிபட்டது: மாமாவின் சென்டரில் ஒரு பெண்கூட கேம் ஆடி அவர் பார்த்ததில்லை. பரீட்சை ரிசல்ட் பார்க்க அண்ணனோடு வருவார்கள், பார்த்துவிட்டுப் போவார்கள். சரியான இடத்துக்குத்தான் புத்தி போயிற்று. அங்கிருந்து அடுத்த படிக்குப் போய், அப்படியென்றால் அவர்கள் வேறெங்கே போனார்கள் என்று கேட்டிருந்தால் கதையே வேறு. அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் ஆடுவதில்லை என்ற முடிவோடு முட்லூர் பாலத்தைத் தாண்டினார்.

கேம் கடை வாசலிலிருந்த ஜூஸ் கடையில் அருள்மொழி காத்திருந்தார். மஞ்சள் சுடிதார், தோளில் கல்லூரிக்குக் கொண்டுபோகும் அதே பெரிய பை. இரண்டு சாத்துக்குடி ஜூஸ் சொல்லிவிட்டு, "ம், ஆரம்பிங்க," என்றார்.

"டெம்பிள் ரன்," என்றார் செந்தமிழ்செல்வன்.

"போச்சு. மூணும் போச்சு."

"அப்ப என்னதாங்க அது?"

"டைப்பிங் கேம்."

"என்ன கேம்?"

"மேலவீதியில ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுங்க. பன்னெண்டாவது முடிச்ச பொண்ணுங்க எல்லாம் அங்கதான். ப்ரௌசிங் சென்டருக்குப் போறேன்னா எங்க வூட்ல வெட்டிப் போட்டுடுவாங்க, டைப்பிங் கிளாஸ்னா டிபன் கட்டிக் குடுப்பாங்க. உள் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். மேலேர்ந்து எழுத்து எழுத்தா விழும். தரையில விழறதுக்குள்ள அந்த எழுத்த அடிச்சிடணும். வுட்டோம்னா வெடிச்சிரும். மொதல்ல மெதுவா வரும், அப்பறம் மழை மாதிரி கொட்டும்." அவர் ஜூஸ் டம்ளரை நகர்த்திவிட்டு மேசையிலேயே பத்து விரலையும் வைத்துக் காட்டினார். "புவனகிரி, கீரப்பாளையம், ஸ்ரீமுஷ்ணம், எங்கேர்ந்தெல்லாமோ பொண்ணுங்க வரும். அந்த ஒரு சிஸ்டத்துக்கு வரிசைன்னா வரிசை, சண்டன்னா சண்ட. என் ஸ்கோர எவளும் தொட்டதில்ல. நான் ஒண்ணுகூட கீழ வுழ வுட மாட்டேன். சார் வந்து ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணாத்தான் எழுந்துப்பேன்."

இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது, கீரப்பாளையத்து மாப்பிள்ளை பப்ஸைக் கீழே வைத்தபோது முகத்தில் இருந்த அதே வெளிச்சம். எத்தனையோ பேரிடம் அந்த வெளிச்சத்தைப் பார்த்தவருக்கு இப்போது அடையாளம் தெரியவில்லை.

"அது கேம் இல்லீங்க," என்றார். "அது டைப்பிங் ப்ராக்டிஸ்."

"ஸ்கோர் வருது. லெவல் வருது. தோத்தா எரிச்சல் வருது. வேற என்ன வரணும் உங்களுக்கு?"

"இல்ல, டெக்னிக்கலா பாத்தா..."

"சரிங்க. எது கேம்னு உள்ள போயி நீங்களே காட்டுங்க."

உள்ளே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பெரிய டிவி, ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு நாற்காலி, ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர், கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர். அருள்மொழியைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து "குட் மார்னிங் மேம்" என்றார்கள். அவரோடு வந்திருந்தவரைப் பார்த்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கார் ரேஸ் போட்டார்கள்.

"நீங்க ஆடுங்க," என்றார் செந்தமிழ்செல்வன். "நான் சொல்லித் தர்றேன்."

அருள்மொழி உட்கார்ந்தார். செந்தமிழ்செல்வனின் கால்கள் பழகிய இடத்துக்குத் தாமாகப் போயின. நாற்காலிக்குப் பின்னால் நின்று, அதன் முதுகில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"லெஃப்டு... லெஃப்டுங்க... ப்ரேக், ப்ரேக் புடிங்க... அங்க ஏன் போறீங்க? நான் சொல்றத கேளுங்க... ரைட்டு!"

அருள்மொழி சொன்னதைக் கேட்கவில்லை. முதல் இரண்டு திருப்பத்தில் சுவரில் முட்டி, மூன்றாவதில் சமாளித்து, கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தார். அதற்கே கையைத் தட்டிக்கொண்டார். பிறகு எழுந்து, கன்ட்ரோலரை நீட்டினார். "உக்காருங்க."

வேறு வழியில்லை. உட்கார்ந்தார். அந்த நாற்காலி தன் ஆகிருதிக்கு இவ்வளவு தாழ்வானது என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த பொருளில் எத்தனை பொத்தான் என்று அதற்குமுன் எண்ணிப் பார்த்ததுமில்லை. பச்சை விளக்கு விழுந்தது. மற்ற கார்களெல்லாம் கிளம்பிப்போயின. இவருடையது நின்றது. எதையோ அழுத்தினார், ஹாரன் அடித்தது. இன்னொன்றை அழுத்தினார், கார் பின்னோக்கிப் புறப்பட்டு, வேலியை உடைத்துக்கொண்டு, ஒரு மேட்டில் ஏறி, குட்டிக்கரணம் போட்டு ஏரிக்குள் விழுந்தது.

செந்தமிழ்செல்வன் சிரித்துவிட்டார். வாய்விட்டு, அடக்க முடியாமல், வயிறு குலுங்க. தான் செய்த ஒன்றைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்தது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். அருள்மொழியும் சிரித்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏரிக்குள்ளயா! ரிவர்ஸ்லயே போயி ஏரிக்குள்ளயா!" அந்த இடத்தில் ஜெயராணி இருந்திருந்தால் அப்போதே மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருப்பார். இருவருக்கும் பொருத்தம் இருந்தது. அது இருந்த இடம் ஏரிக்கடியில்.

பின்னாலிருந்து ஒரு மாணவன், நல்ல எண்ணத்தோடுதான், சொன்னான்: "அங்கிள், கீழ இருக்கிற பட்டன் அங்கிள். வலது கை ஆள்காட்டி வெரலு."

சிரிப்பு நின்றது. 'அங்கிள்' பட்ட புண்ணா, பின்னால் நின்று ஒருவன் தனக்குச் சொல்லித் தருகிற கொடுமையா, எது அதிகம் வலித்ததென்று சொல்ல முடியாது. செந்தமிழ்செல்வன் எழுந்துவிட்டார்.

"கன்ட்ரோலர் சரியில்ல," என்றார். "ரெஸ்பான்ஸ் ஸ்லோவா இருக்கு."

கடைக்காரர் வேறொன்றை நீட்டினார்.

"இல்ல, நான் பேசிக்கா பிசி ஆளு. கீபோர்டுதான் பழக்கம்."

கடைக்காரர் ஓரத்திலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். கீபோர்டு இருந்தது.

"பஸ்ஸுக்கு டைம் ஆச்சு," என்றார் செந்தமிழ்செல்வன். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஓயாமல் பஸ் போய்க்கொண்டே இருக்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வெயிலில் அருள்மொழி அவரை நிறுத்தினார். முகத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு மிச்சமிருந்தது.

"ஒண்ணு கேக்குறேன். இதுக்கு முன்னாடி நீங்க ஆடியிருக்கீங்களா?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க?"

"ஆடலன்னா ஒண்ணும் இல்லீங்க. எனக்கு அது ஒரு விஷயமே இல்ல. சும்மா சொல்லுங்க. ஏரிக்குள்ள வுட்டீங்க பாருங்க, அப்ப ரொம்ப நல்லா இருந்துச்சு."

இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் திறந்துவைக்க முடியாது. கீபோர்டு தெரிய வேண்டாம், பொத்தான் தெரிய வேண்டாம். 'இல்லைங்க' என்று ஒரு வார்த்தை.

"ஆடினவன்தாங்க," என்றார் செந்தமிழ்செல்வன். "டச் வுட்டுப்போச்சு. அந்தக் காலத்துல நாங்க ஆடின லெவலே வேற."

"சரிங்க," என்றார் அருள்மொழி. அந்தச் 'சரிங்க'வில் சிரிப்பு இல்லை.

மறுநாள் ஜெயராணி போன் செய்தார்.

"வேணாம்னுட்டாங்கடா."

"ஏனாம்?"

"ஆடத் தெரியலன்னு இல்லயாம். அத மொதல்லயே சொல்லிட்டாங்க. 'உங்க தம்பி பின்னாடி நின்னுக்கிட்டு சொல்ற ஆளுங்க. நான் கொழம்பு வெச்சாலும் பின்னாடி நிப்பாரு, ஸ்கூட்டர் ஓட்டினாலும் பின்னாடி உக்காந்துக்கிட்டு லெஃப்டு ரைட்டும்பாரு. காலம்பூரா என் நாக்காலிக்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்க முடியாதுங்க'ன்னு சொல்றாங்க. என்னடா அர்த்தம் இதுக்கு? எங்க போயி நின்ன நீ?"

ஷோரூமில் யாரோ ஒருவர் வண்டியின் ஹாரன் அடிக்கவில்லை என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவுங்களுக்கு கேம்னா என்னன்னே தெரியலக்கா," என்றார் செந்தமிழ்செல்வன். ஜெயராணி போனை வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை பேக்கரிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனார்.

"என்ன மச்சான் ஆச்சு?" என்றார் ஸ்ரீதர்.

"செட் ஆவல. நான்தான் வேணாம்னுட்டேன்."

"கெஸ்ஸு?"

"அதுல என்ன டவுட்டு? மூணாவதுல அடிச்சிட்டேன். டைப்பிங் கேம். இன்ஸ்டிட்யூட்ல எழுத்து மேலேர்ந்து விழும், தரையத் தொடறதுக்குள்ள அடிக்கணும். இந்தப் பக்கத்துப் பொண்ணுங்களுக்கு அதான் மச்சான். ப்ரௌசிங் சென்டருக்கு வுட மாட்டாங்க, டைப்பிங்னா டிபன் கட்டிக் குடுப்பாங்க." ஜூஸ் கடையில் கேட்டதை ஒரு சொல் சிந்தாமல் ஒப்பித்தார். ஞாபகசக்தி உள்ளவர்தான்.

அந்த நேரத்தில் ஸ்ரீதரின் மனைவி காயத்ரி குழந்தைகளுக்கு கேக் வாங்க பேக்கரிக்குள் வந்தார். புவனகிரியில் பிறந்தவர். செந்தமிழ்செல்வனுக்குத் தன் புதிய சரக்கைச் சோதிக்க அதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

"சிஸ்டர், டைப்ரைட்டிங் எங்க கத்துக்கிட்டீங்க?"

"சிதம்பரத்துலண்ணா, மேலவீதி. எதுக்கு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "எழுத்து விழற கேம். உள் ரூம் கம்ப்யூட்டர். வரிசையில நின்னு சண்ட போட்டிருப்பீங்க."

காயத்ரி கேக் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ! எப்படிண்ணா தெரியும்? இத்தன வருஷத்துல என்னை யாருமே இதக் கேட்டதில்ல!" பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "இவுருகூடக் கேட்டதில்ல."

"நீ வீடியோ கேம் ஆடுவியா?" என்றார் ஸ்ரீதர், பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர்.

"அந்தப் பொண்ணுக்கும் அதானாம், செந்தமிழ்செல்வன் கண்டுபுடிச்சிருக்கான்," என்றார் உசாமா. அவர் செந்தமிழ்செல்வனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ கரெக்டா சொல்லியும் ஏன் மச்சான் செட் ஆவல?"

"பயந்துட்டாங்க. மனசுல இருக்கிறத இப்படிப் படிச்சிடற ஆளுகூட எப்படிக் காலம் தள்றதுன்னு ஒரு பயம். அது தெரிஞ்சுதான் நானே வுட்டுட்டேன்."

"பேரு என்னண்ணா?" என்றார் காயத்ரி.

"அருள்மொழி."

"அருள்மொழியா? ஒசரமா, மாநெறமா? ஒண்ணுகூட கீழ வுட மாட்டா, சார் வந்து ஸ்விட்ச் ஆஃப் பண்ணுவாரு!" காயத்ரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அண்ணா, அவ என் பேட்ச்சு. நல்ல பொண்ணுண்ணா. மூஞ்சிக்கு நேரா பேசுவா, ஆனா சொன்னா புரிஞ்சுப்பா. நம்பர் குடுங்க, இப்பவே பேசுறேன். இவ்ளோ தெரிஞ்சி வெச்சிருக்கிற மனுஷன வுடலாமாடின்னு நானே கேக்குறேன்."

ஸ்ரீதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உசாமா டீயைக் கீழே வைத்தார். செந்தமிழ்செல்வனின் சட்டைப் பையில் செல்போன் இருந்தது, அதில் நம்பர் இருந்தது. காயத்ரி பேசினால் அந்தப் பெண் கேட்பார்; இன்னொரு தடவை பார்க்கலாம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கேட்பதற்கு முன், மூன்று ஊகமும் என்னவென்று தோழியிடம் சொல்வார். ஏரியையும் சொல்வார்.

"குடுங்கண்ணா."

"நம்பர டிலீட் பண்ணிட்டேன் சிஸ்டர்," என்றார் செந்தமிழ்செல்வன்.

"ஜெயராணி அக்காகிட்ட இருக்குமே."

"வேணாம் சிஸ்டர். ஒரு தடவ முடிவு பண்ணா நான் திரும்பிப் பாக்குற ஆளில்ல."

காயத்ரியின் கண்ணில் மரியாதை தெரிந்தது. "கிரேட்டுண்ணா நீங்க," என்றார். ஸ்ரீதர் தலையை ஆட்டி ஆமோதித்தார். உசாமா மட்டும் தட்டில் கிடந்த கடைசி பப்ஸை செந்தமிழ்செல்வன் பக்கம் நகர்த்தினார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில், வண்டியை ஓரமாக நிறுத்தி, அவர் அந்த நம்பரை அழித்தார். அவர் சொன்ன பொய்களில், சொன்ன அன்றைக்கே உண்மையானது அது ஒன்றுதான்.